கை எட்டும் தூரத்தில் ஒரு தொட்டில்

தொட்டிலுக்கெல்லாம் ஒரு வரலாறான்னு சிரிக்காதீங்க. இருக்கு. சர்ச் மிரட்டல், போலீஸ் டாக்டர், ஒரு ராஜ்ஜியத்தோட சட்டப் புத்தகம், வாழைப்பழப் பெட்டி, ரேடியோ கம்பெனின்னு மசாலா படத்துக்குத் தேவையான எல்லாமே அதில் இருக்கு. சோகமும் நிறைய இருக்கு, முன்னாடியே சொல்லிடறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும். காபி கையோட வந்து உட்காருங்க.

இந்த ஆராய்ச்சியில நான் இறங்கினதுக்குக் காரணம் அக்கா பொண்ணு. இங்கிலாந்துல இருக்கா, ஏழாம் மாசம். வாட்ஸப்புல மூணு தொட்டில் படத்தை அனுப்பி, "சித்தி, இதுல எது வாங்கலாம்?"னு கேட்டா. மூணுமே 'பெட்சைட் கிரிப்' வகை. பெரியவங்க கட்டிலை ஒட்டி நிறுத்தற சின்னக் கட்டில். மூணு பக்கம் உயரமான தடுப்பு. நாலாவது பக்கத்தை, அதாவது அம்மா பக்கத்தை, கீழே இறக்கிக்கலாம். படுத்தபடியே கையை நீட்டினா குழந்தை. ஆனா குழந்தைக்குன்னு தனிப் படுக்கை.

எங்க அம்மாவுக்கு இது பிடிக்கலை. "பச்சப்புள்ளைய தனியாப் போடுவாங்களாடி? பக்கத்துல போட்டுக்கச் சொல்லு"ங்கறாங்க. மாப்பிள்ளையோட சிநேகிதர்களோ, முதல் நாள்லேருந்தே தனி ரூம்ல படுக்கவெச்சுப் பழக்கணும்னு ஓதியிருக்காங்க. இந்த ரெண்டு கட்சிக்கும் நடுவுல நிக்குது அந்தத் தொட்டில். சரி, யார் சொல்றது நியாயம்னு படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்கத் தெரிஞ்சது, இந்தச் சண்டை ஆயிரக்கணக்கான வருஷமா நடக்குதுன்னு.

சாலமோன் காலத்துப் பயம்

ஒரு குழந்தையை ரெண்டு பெண்கள் உரிமை கொண்டாடினதும், ரெண்டா வெட்டிக் கொடுங்கன்னு சாலமோன் ராஜா தீர்ப்புச் சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். அந்த வழக்கு ஏன் வந்ததுன்னு யாரும் யோசிக்கறதில்லை. பைபிள்ல ராஜாக்கள் முதலாம் புத்தகம் மூணாம் அதிகாரத்தில் இருக்கு. ஒருத்தி தூக்கத்தில் தன் குழந்தை மேலேயே புரண்டுட்டா, அது செத்துப்போச்சு, அதனால பக்கத்தில் இருந்தவள் குழந்தையை மாத்தி எடுத்துக்கிட்டாங்கறதுதான் புகார்.

காலையில எழுந்து பார்த்தா குழந்தை அசையலை. உடம்புல காயம் இல்லை, ராத்திரி காய்ச்சல் இல்லை. அப்போ என்ன ஆச்சு? பக்கத்தில் படுத்திருந்தவதான் நசுக்கியிருக்கணும்! ஐரோப்பாவில் இந்த முடிவு ரொம்ப நாள் அசையாம இருந்தது. இடைக்கால சர்ச்சில் இதுக்குன்னு தனிப் பரிகாரமே உண்டு. குழந்தையைப் பறிகொடுத்த தாய் தகப்பன் வருஷக்கணக்கில் நோன்பு இருக்கணும். குழந்தை போன துக்கம் ஒரு பக்கம், கொன்னது நீதாங்கற பழி இன்னொரு பக்கம்.

அந்தச் சாவுகள்ல சிலது நிஜமாவே நசுங்கி நடந்திருக்கும். ஏழை வீட்டில் ஒரே கட்டில், அதில் நாலஞ்சு பேர். வேணும்னே நடந்த சில கொலைகளும் இந்தப் பேர்ல மறைஞ்சிருக்கும். ஆனா எல்லாத்துக்கும் அந்த ஒரே விளக்கத்தை ஒட்டிட்டாங்க.

ஃப்ளாரன்ஸ் கூண்டு

பெட்சைட் கிரிப்புக்குக் கொள்ளுத்தாத்தா யாருன்னு தேடினா இத்தாலியில ஃப்ளாரன்ஸ் நகரத்துக்குப் போகணும். அங்கே வசதியானவங்க குழந்தையைப் பால் கொடுக்கும் செவிலித்தாய்கிட்ட விடறது வழக்கம். அதே ஊரில் 1445-ல் திறந்த இன்னொசென்டி அனாதைக் குழந்தைகள் இல்லமும் தன் குழந்தைகளைக் கிராமத்துச் செவிலிகள்கிட்ட அனுப்பி வெச்சது. ஊரான் பிள்ளை தன் படுக்கையில் செத்துப்போனா அந்தச் செவிலி என்ன பதில் சொல்லுவா?

அதுக்குக் கண்டுபிடிச்சதுதான் 'ஆர்குச்சோ'. தமிழ்ல 'சின்ன வளைவு'ன்னு சொல்லலாம். மூணடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் மரத்தால செஞ்ச ஒரு கூண்டு. தலைமாட்டில் பலகை, மேலே போர்வையைத் தாங்க இரும்பு வளைவு. குழந்தையை உள்ளே படுக்க வெச்சு, கூண்டோட தூக்கி செவிலியோட படுக்கையிலேயே வெச்சுக்கலாம். குளிருக்குக் கம்பளியை இழுத்து மூடினாலும் வளைவு தாங்கிக்கும், குழந்தை மூஞ்சியில் விழாது. செவிலி புரண்டாலும் மரம்தான் இடிக்கும். பக்கவாட்டில் மார்பு பொருந்தற மாதிரி வெட்டு விட்டிருப்பாங்க. குழந்தையை வெளியே எடுக்காமலே பால் கொடுக்கலாம்.

1730களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் இதைப் பத்தி ஒரு கடிதம் படத்தோட வந்தது. ஃப்ளாரன்ஸில் ஒவ்வொரு செவிலியும் இதில்தான் குழந்தையைப் போடணும், இல்லேன்னா சர்ச்சைவிட்டே விலக்கி வெச்சுடுவாங்கன்னு அதில் தகவல். ஹெல்மெட் போடலைன்னா நரகம்னு சொல்ற மாதிரி!

மிரட்டலை விட்டுட்டு அந்த வேலைப்பாட்டை மட்டும் பாருங்க. ஒரே படுக்கை, ஆனா தனி இடம். கை எட்டும், உடம்பு எட்டாது. தச்சனுக்கு இது அப்பவே புரிஞ்சிருக்கு. மத்தவங்களுக்குப் புரியத்தான் இன்னும் ரெண்டரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு.

சட்டமும் சனிக்கிழமை ராத்திரியும்

அடுத்து அரசாங்கம் உள்ளே வந்தது. 1794-ல் வந்த பிரஷ்யா ராஜ்ஜியத்தின் பொதுச் சட்டத் தொகுப்பில் ஒரு விதி. தாய்மாரும் செவிலிகளும் ரெண்டு வயசுக்குக் குறைஞ்ச குழந்தையை ராத்திரியில் தங்கள் படுக்கையில் போட்டுக்கக் கூடாது. சொல்லிட்டாங்க, சரி. தனிப் படுக்கைக்கு இடமும் காசும் இல்லாதவ என்ன பண்ணுவா? அதைச் சட்டம் சொல்லலை.

ஒரு நூற்றாண்டு கழிச்சு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம். சணல் ஆலைகள் நிறைஞ்ச ஊர். பெண்கள் பெருவாரியா ஆலை வேலைக்குப் போனாங்க. அங்கே போலீஸ் மருத்துவரா இருந்த சார்லஸ் டெம்பிள்மேன், மூச்சடைச்சு இறந்ததாகச் சொல்லப்பட்ட 258 குழந்தைகளின் விவரத்தைத் தொகுத்து 1892-ல் வெளியிட்டார். அதில் பெரிய பங்கு சனிக்கிழமை ராத்திரிக்கும் ஞாயித்துக்கிழமை காலைக்கும் நடுவில் நடந்தது. சம்பள நாள், குடி. அதனால தாயின் அறியாமை, அஜாக்கிரதை, குடிப்பழக்கம், இடநெருக்கடின்னு காரணம் எழுதினார். ஒரே அறையில் மொத்தக் குடும்பமும் கிடந்த ஊரில் கடைசிக் காரணம்தான் கண்ணுக்கு முன்னால நின்னது. ஆனா பழி முழுக்க முதல் மூணுக்குத்தான் போச்சு.

இங்கிலாந்தில் 1908-ல் வந்த குழந்தைகள் சட்டம், குடிச்சிருந்த பெரியவரோட ஒரே படுக்கையில் மூணு வயசுக்குட்பட்ட குழந்தை மூச்சடைச்சு இறந்தா அதைக் குற்றமாக்கிச்சு. குடிச்சிட்டுக் குழந்தையோட படுக்கறது இன்னிக்கும் ஆபத்துதான், அதில் ரெண்டு கருத்து இல்லை. அந்தக் காலத்தில் உருப்படியா ஒரு காரியமும் நடந்தது. தொட்டில் வாங்க வழியில்லாத ஏழைத் தாய்மாருக்கு, வாழைப்பழம் வர்ற மரப்பெட்டியில் தொட்டில் செய்யக் கத்துக்கொடுத்தாங்க. 'கூடவே படுக்காதே'ன்னு அதட்டினவங்க நடுவில், 'இந்தா, இதில் படுக்க வை'ன்னு சொன்னவங்க இவங்கதான். ஃபின்லாந்து 1938-ல் இதையே அரசுத் திட்டமா ஆக்கிச்சு. ஏழைத் தாய்மாருக்கு ஒரு அட்டைப்பெட்டி நிறைய துணிமணி. 1949-லேருந்து எல்லாத் தாய்மாருக்கும். பெட்டியின் அடியில் ஒரு சின்ன மெத்தை. பல குழந்தைகளுக்கு அந்தப் பெட்டிதான் முதல் தொட்டில்.

பக்கத்து ரூமுக்குப் போன தொட்டில்

இருபதாம் நூற்றாண்டு தொடங்கினதும் வேற ஒரு கூட்டம் வந்தது. நியூஸிலாந்து டாக்டர் ட்ரூபி கிங் 1907-ல் ப்ளங்கட் சொசைட்டியைத் தொடங்கினார். நாலு மணிக்கு ஒருதரம்தான் பால், தனியாத் தூக்கம், ஜன்னல் திறந்து காத்து. அமெரிக்காவில் உளவியலாளர் ஜான் வாட்சன் 1928-ல் எழுதின புத்தகத்தில் குழந்தையைக் கொஞ்சறதையே தப்புன்னார். (எங்க பாட்டி கையில் கிடைச்சிருந்தா மனுஷன் தீர்ந்தார்.) நடுத்தர வர்க்க வீடும் பெரிசாச்சு, குழந்தைக்குன்னு ஒரு ரூம் வந்தது. தொட்டில் அங்கே போச்சு.

போனதும் புதுசா ஒரு பயம் முளைச்சது. அங்கே என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்? 1932-ல் விமானி லிண்ட்பெர்க்கின் கைக்குழந்தையை அதன் அறையிலேருந்தே கடத்திக் கொன்னாங்க. அமெரிக்காவே நடுங்கிப்போச்சு. 1937-ல் ஜெனித் ரேடியோ கம்பெனி 'ரேடியோ நர்ஸ்'னு ஒரு கருவியைக் கொண்டுவந்தது. குழந்தை அறையில் ஒலிவாங்கி, பெரியவங்க அறையில் ஒலிபெருக்கி. அதன் வெளிக்கூட்டை வடிவமைச்சவர் பெரிய சிற்பி இசாமு நொகுச்சி. முதலில் குழந்தையைத் தூர வெச்சு, அப்புறம் அதன் சத்தத்தைக் கேக்க ஒரு மெஷினைக் கண்டுபிடிச்ச கதை!

தொட்டிலிலும் அதே சாவு

இவ்வளவுக்கும் அப்புறம் என்ன ஆச்சு? தனித் தொட்டிலில், தனி அறையில் படுத்த குழந்தைகளும் இறந்தாங்க. அதே மாதிரி காயமில்லாம, காரணமில்லாம. இங்கிலாந்தில் இதுக்கு 'காட் டெத்', தொட்டில் மரணம்னே பேர் வந்துச்சு. இப்ப மேலே புரள யாருமே இல்லையே? அப்போ இத்தனை நூற்றாண்டா யாரைத் தண்டிச்சோம்?

விடை ரொம்ப முன்னாடியே எட்டிப் பார்த்தது. நியூயார்க் டாக்டர் ஹரோல்ட் ஆப்ராம்சன் 1944-ல் இப்படி இறந்த குழந்தைகளின் விவரத்தைப் பார்த்து, பெரும்பாலானவை குப்புறக் கிடந்ததுன்னு எழுதினார். அடுத்த வருஷமே பால் வூலி, சாதாரணப் போர்வை மூஞ்சியை மூடினாலே குழந்தை மூச்சு முட்டிச் சாகாதுன்னு பரிசோதனை செஞ்சு வாதாடினார். தாய்மேல் விழுந்த பழி குறைய அது உதவிச்சு. கூடவே 'குப்புற'ங்கற குறிப்பும் காத்துல போயிடுச்சு. 1969-ல் சியாட்டிலில் நடந்த மாநாட்டில், எவ்வளவு தேடியும் காரணம் கிடைக்காத இந்த மரணத்துக்கு 'திடீர் சிசு மரணம்'னு முறையான பேரும் விளக்கமும் கிடைச்சது. தாய் குற்றவாளி இல்லைங்கறது மருத்துவப் புத்தகத்தில் ஏறினது அப்பத்தான்.

அதே காலத்தில் இன்னொரு தப்பு நடந்துக்கிட்டிருந்தது. டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்புப் புத்தகம் 1946-ல் வந்தது, கோடிக்கணக்கில் வித்தது. அதன் 1950களின் பதிப்புகள் குழந்தையைக் குப்புறப் போடச் சொல்லிச்சு. மல்லாந்து படுத்தா வாந்தி எடுத்துப் புரையேறும், தலையும் தட்டையாகும்னு காரணம். கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா மல்லாந்து படுத்தா மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். எதுக்களிச்சது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போறதுதான் கஷ்டம். குப்புறப் படுத்தாலோ, விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும், உடம்புச் சூடு கூடும், ஆபத்து நேரத்தில் முழிச்சுக்கற திறனும் குறையும்.

1987-ல் நெதர்லாந்து முதலில் முழிச்சது. குப்புறப் போடாதீங்கன்னு பிரசாரம் பண்ணினாங்க. அப்புறம் பிரிட்டனில் பீட்டர் ஃப்ளெமிங் குழுவின் ஆய்வும், நியூஸிலாந்து ஆய்வும் அதையே சொல்லிச்சு. 1991 ஜூலையில் பிரிட்டிஷ் டிவி அறிவிப்பாளர் ஆன் டயமண்டின் நாலு மாசக் குழந்தை தொட்டிலில் இறந்தது. நியூஸிலாந்தில் தெரிஞ்ச விஷயம் நம்ம ஊரில் ஏன் சொல்லப்படலைன்னு அந்தம்மா கேட்டாங்க. அந்த டிசம்பரிலேயே 'மல்லாத்திப் போடுங்க' பிரசாரம் பிரிட்டனில் தொடங்கிச்சு. ஒன்றிரண்டு வருஷத்தில் இந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சது. அமெரிக்கா 1994-ல் சேர்ந்துகிட்டது. 1990-ல் அங்கே லட்சம் பிறப்புக்கு 130-ஆக இருந்த எண்ணிக்கை 2020-ல் 38. சில மரணங்களை இப்ப வேற தலைப்பில் பதியறாங்கங்கறதைக் கழிச்சாலும் பெரிய இறக்கம்தான்.

2005-ல் வந்த ஒரு ஆய்வு, பழைய தரவுகளை எல்லாம் கூட்டிப் பார்த்துட்டு, குப்புறத் தூக்கத்தின் ஆபத்து 1970-லேயே தெரிஞ்சிருக்கும்னு சொல்லிச்சு. அப்பவே சொல்லியிருந்தா ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்தில் குறைஞ்சது 50,000 குழந்தைகள் பிழைச்சிருக்கலாமாம். எண்களைப் படிச்சிட்டு அன்னிக்கு நான் கம்ப்யூட்டரை மூடி வெச்சிட்டேன்.

திரும்பி வந்த தொட்டில்

அதே நியூஸிலாந்து ஆய்விலேருந்து 1996-ல் இன்னொரு தகவல் வந்தது. பெரியவங்க தூங்கற அறையிலேயே தூங்கற குழந்தைக்கு ஆபத்து குறைவு. தனி ரூம் கட்சிக்கு முதல் அடி. ஆனா ஒரே படுக்கைன்னா, குறிப்பா பெற்றோர் புகை பிடிக்கறவங்க, குடிச்சவங்கன்னா, ஆபத்து கூடும். சோஃபாவில் குழந்தையை அணைச்சபடி தூங்கிப்போறது எல்லாத்தையும்விட மோசம். அப்போ மிச்சம் இருக்கறது ஒண்ணுதான்: ஒரே அறை, தனிப் படுக்கை. ஃப்ளாரன்ஸ் தச்சனுக்கு ஒரு கும்பிடு!

நியூஸிலாந்தின் மாவோரி மக்கள் குழந்தையோட சேர்ந்து படுக்கறவங்க. அதை விடுன்னு சொன்னா யார் கேப்பாங்க? 2006-ல் அங்கே 'வஹாகுரா' வந்தது. ஹரகெகேங்கற நார்ச் செடியில் பின்னின கூடைத் தொட்டில். பெற்றோர் படுக்கை மேலேயே வெச்சுக்கலாம். 2011 கிறைஸ்ட்சர்ச் பூகம்பத்தில் வீடு குலைஞ்ச குடும்பங்களுக்கு அதே யோசனையில் பிளாஸ்டிக் பெட்டித் தொட்டில் கொடுத்தாங்க. 2009-லேருந்து 2015-க்குள் அந்த நாட்டில், பிறந்த முதல் வாரம் தாண்டின சிசுக்களின் மரண விகிதம் 29 சதவீதம் குறைஞ்சது. இந்தத் தொட்டில்களும், இதையொட்டி வீடு வீடா நடந்த பேச்சும் அதில் பங்கு வகிச்சதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. வழக்கத்தைத் திட்டாம, அந்த வழக்கத்துக்குள்ளேயே ஒரு கூடையை வெச்சாங்க பாருங்க, அதுதான் புத்திசாலித்தனம்.

கட்டிலை ஒட்டி நிக்கற இன்றைய பெட்சைட் கிரிப் 1990களில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 2014-ல் அங்கே அதுக்குன்னே கட்டாய விதி. ஐரோப்பியத் தரவிதி 2019-ல் திருத்தப்பட்டது. இறக்கின பக்கத்திலும் மெத்தைக்கு மேலே குறைஞ்சது 120 மில்லிமீட்டர் தடுப்பு நிக்கணும்.

சரி, எதைப் பார்த்து வாங்கறது?

இந்த வரலாற்றைப் பிழிஞ்சா வர்ற சாறு இதுதான்:

1. மெத்தை கெட்டியா, தட்டையா இருக்கணும். அழுத்தினா குழி விழக்கூடாது, ஓரத்தில் சந்து இருக்கக்கூடாது. சாய்வாத் தூங்கவைக்கற படுக்கைகள் வேண்டவே வேண்டாம். பத்து டிகிரிக்கு மேல் சாய்ஞ்சதை அமெரிக்கா 2022-ல் சட்டம் போட்டே தடை பண்ணிச்சு.

2. பெரிய கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் இடைவெளி கூடாது. பட்டையை உங்க கட்டில் சட்டத்தோட இறுக்கிக் கட்ட முடியுதான்னு பாருங்க. உயரம் பொருந்தலைன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் வாங்காதீங்க.

3. இறக்கின பக்கத்துத் தடுப்பை அளந்து பாருங்க. 2019-க்கு முந்தைய பழைய சரக்கு கைமாறி வந்தா ரெட்டைக் கவனம்.

4. உள்ளே எதுவும் வேண்டாம். தலையணை, பொம்மை, பஞ்சுத் தடுப்பு எதுவும். கடைப் படத்தில் அழகா அடுக்கியிருக்கறதை எல்லாம் எடுத்துட்டா என்ன மிச்சமோ அதுதான் தொட்டில்.

5. மல்லாத்திப் போடுங்க, பகல்லயும். குறைஞ்சது ஆறு மாசம் உங்க அறையிலேயே. குழந்தை புரளவோ கையூன்றி எழும்பவோ ஆரம்பிச்சா பெட்சைட் கிரிப்புக்கு ஓய்வு கொடுத்துட்டு உயரத் தடுப்புள்ள பெரிய கட்டிலுக்கு மாத்திடுங்க.

விலை இந்தப் பட்டியல்லயே வரலை, கவனிச்சீங்களா? சாதாரணத் தொட்டிலைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டாலும் இதே பலன்தான்.

நம்ம தூளியைப் பத்திக் கேப்பீங்க. புடவையில் கட்டின தூளியில் துணி வாய் மூடிக்காம இருக்கக் குறுக்கே ஒரு கட்டை வைப்பாங்களே, அது நம்ம ஊர் ஆர்குச்சோ வளைவு. காத்து வேணும்னு அன்னிக்கே யோசிச்சிருக்காங்க. ஆனா தூளியில் முதுகு வளையும், தாடை நெஞ்சில் இடிக்கும். இன்றைய மருத்துவம் கேக்கற தட்டைப் பரப்பு அதில் கிடையாது. கண் முன்னால ஆட்டித் தூங்கவைக்க வெச்சுக்கலாம். ராத்திரி முழுக்கப் போட, பக்கத்திலேயே தட்டையான ஒரு இடம்தான் நல்லது.

அம்மா கட்சி கேட்டது 'பக்கத்துல'. தனி ரூம் கட்சி கேட்டது 'தனியா'. ரெண்டிலும் பாதி உண்மை இருந்திருக்கு.

ஆனா இத்தனையும் படிச்சதில் என் மனசைவிட்டுப் போகாதது தொட்டில் இல்லை, டண்டீயின் அந்த 258 வீடுகள்தான். ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்த அந்தப் பெண்கள்ல எத்தனை பேர் ஒரு தப்பும் பண்ணாதவங்களோ! கேக்க வந்த டாக்டரும் போலீஸும் 'குடிச்சியா? புரண்டியா?'ன்னு கேட்டிருப்பாங்க. இல்லைன்னு சொல்லியிருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. கொஞ்ச நாள்ல அவங்களே தங்களை நம்பியிருக்க மாட்டாங்க. அதுதான் இதில் பெரிய கொடுமை.

இனிமே எங்கேயாவது ஒரு பச்சைக் குழந்தை தூக்கத்திலேயே போச்சுன்னு கேள்விப்பட்டா, "அம்மா பார்த்துக்கலையா?"ங்கற கேள்வி வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அந்தக் கேள்வியைக் கேட்டே நூற்றாண்டுக் கணக்கில் வீணாக்கியிருக்கோம். கேக்க வேண்டியிருந்த கேள்வி ரொம்ப எளிசு: குழந்தை எப்படிப் படுத்திருந்தது, அதுக்குன்னு ஒரு இடம் இருந்ததா?